மலையில் வீட்டுக்கு ஜெனரேட்டர்: லோடு கணக்கிலிருந்து சேஞ்ச் ஓவர் வரை

எங்கள் வீடு கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் தள்ளி, தேயிலைச் சரிவில் இருக்கிறது. அப்பாவுக்கு இரண்டு வருடமாக ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ லைனில் விழுந்து கரண்ட் போவது வழக்கம். ஒரு நவம்பரில் இரண்டு இரவு, ஒரு பகல் கரண்ட் வரவில்லை. இன்வெர்ட்டர் மூன்று மணி நேரத்தில் கூவ ஆரம்பித்தது. அந்த இரவு சிலிண்டர் தேடி அலைந்ததை இப்போது நினைத்தாலும் கை நடுங்கும். மழை விட்டதும் அவசரப்பட்டு ஒரு பழைய 5 கேவிஏ டீசல் செட்டை வாங்கினேன். அது இங்கே சரிப்படவில்லை. அதை விற்றுவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்து முடிக்க ஐந்து மாதம் ஆனது.

அந்த ஐந்து மாதத்தில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். குன்னூர், ஊட்டி, கோத்தகிரி, கூடலூர்க்காரர்களுக்கும் கொடைக்கானலில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். சமவெளியில் இருக்கும் உறவினர் சொல்லும் கணக்கு நம் ஊருக்கு ஒத்துவராது. காரணம் இரண்டாவது படியில் இருக்கிறது.

1. எதெல்லாம் ஓட வேண்டும் என்று எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து, கரண்ட் இல்லாதபோது கட்டாயம் ஓட வேண்டியவற்றை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் வாட்ஸ் ஒட்டியிருக்கும். என் தாளில் இருந்தது இது: கான்சன்ட்ரேட்டர் 350, ஃபிரிட்ஜ் 200, எல்லா லைட்டும் சேர்த்து 150, டிவியும் வைஃபையும் 100, அப்பா அறை ஹீட்டர் 1,500, ஒரு ஹெச்.பி. தண்ணீர் மோட்டார் 750. மொத்தம் 3,050 வாட்ஸ்.

இத்தோடு கணக்கை முடித்தால் ஏமாந்துபோவீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல மூன்று, நான்கு மடங்கு இழுக்கும். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரும் அப்படித்தான். பட்டியலில் பெரிய மோட்டார் எதுவோ அதற்கு மட்டும் இந்தக் கூடுதலைச் சேர்த்தால் போதும், எல்லாம் ஒரே நொடியில் கிளம்பப் போவதில்லை. என் மோட்டாருக்கு 2,250 சேர்த்தேன். 5,300 வாட்ஸ் வந்தது. ஜெனரேட்டரை கேவிஏவில்தான் விற்பார்கள். ஒரு கேவிஏவுக்கு 800 வாட்ஸ்தான் கிடைக்கும் என்பதால், கிலோவாட்டாக்கி 0.8 ஆல் வகுத்தால் சுமார் 6.6 கேவிஏ.

கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் மூன்றையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஒரு கீசருக்காக செட்டின் அளவு ஒரு படி ஏறும், விலை ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடும். கரண்ட் இல்லாத இரண்டு நாள் வெந்நீரை அடுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

2. உயரத்துக்குக் கழியுங்கள்

நான் விழுந்த முதல் குழி இதுதான். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல், குன்னூர் 1,850 மீட்டர். இந்த உயரத்தில் காற்று மெல்லிசு. டர்போ இல்லாத சாதாரண டீசல் எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் மூன்று, மூன்றரை சதவீதம் பலத்தை இழக்கும். குன்னூர், கோத்தகிரி உயரத்துக்கு வரும்போது ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

நான் முதலில் வாங்கிய 5 கேவிஏ செட் கீழே 4,000 வாட்ஸ் கொடுத்திருக்கும். இங்கே 3,200 கூடத் தாண்டவில்லை. லைட், ஃபிரிட்ஜ், கான்சன்ட்ரேட்டர் எல்லாம் அழகாக ஓடின. மோட்டார் சுவிட்சைப் போட்டதும் எஞ்சின் முக்கி, கறுப்புப் புகை கக்கி, லைட் எல்லாம் மங்கி நின்றுபோனது. மெக்கானிக் இன்ஜெக்டரைக் கழற்றினார், பம்பைத் திருகினார், ஆறாயிரம் ரூபாய் வாங்கினார். பழுது எதுவும் இல்லை. மலை உயரத்துக்கு அந்த செட் சிறிசு, அவ்வளவுதான்.

உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய் 0.8 பங்குதான் மிஞ்சும் என்பதால், 6.6 கேவிஏவை மறுபடி 0.8 ஆல் வகுத்தால் 8.3. ஆக, 10 கேவிஏ எடுத்தேன். நீங்கள் கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘இந்த மாடல் 2,000 மீட்டரில் எத்தனை கிலோவாட் கொடுக்கும்? கம்பெனியின் டீரேட்டிங் சார்ட்டைக் காட்டுங்கள்.’ கிர்லோஸ்கர், மஹிந்திரா, கம்மின்ஸ், அசோக் லேலண்ட் என்று எந்தக் கம்பெனி ஆனாலும் இந்தப் பட்டியல் கட்டாயம் இருக்கும். ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்’ என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

அதற்காகத் தேவைக்கு மேல் பெரிதாகவும் வாங்கக் கூடாது. டீசல் எஞ்சினை முப்பது சதவீதத்துக்கும் குறைவான லோடில் தொடர்ந்து ஓட்டினால் டீசல் முழுதாக எரியாது. சைலன்சரில் கறுப்பாகப் பிசுபிசுவென்று படியும், நாளடைவில் எஞ்சினே கெடும். பாதியிலிருந்து முக்கால் லோடு வரை அதற்கு நல்லது.

3. சிங்கிள் ஃபேஸா, மூன்று ஃபேஸா

உங்கள் வீட்டுக்கு சிங்கிள் ஃபேஸ் கரண்ட் என்றால் யோசிக்கவே வேண்டாம், சிங்கிள் ஃபேஸ் செட் எடுங்கள். மூன்று ஃபேஸ் வீட்டில் மூன்று ஃபேஸ் மோட்டார் இருந்தால் மூன்று ஃபேஸ் செட் எடுங்கள். 10 கேவிஏ மூன்று ஃபேஸ் செட் ஒரு ஃபேஸுக்கு 14 ஆம்பியர்தான் கொடுக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

என்னைப் போல மூன்று ஃபேஸ் கரண்ட் இருந்து, மோட்டார் எல்லாம் சிங்கிள் ஃபேஸாக இருந்தால் சிங்கிள் ஃபேஸ் செட் வாங்கி சேஞ்ச் ஓவரில் (வீட்டை ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) மூன்றையும் இணைத்துவிடலாம். நிறைய வீடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள். இதில் நியூட்ரலைத்தான் கவனிக்க வேண்டும். மூன்று ஃபேஸில் ஓடும்போது லோடு பிரிந்து நியூட்ரலில் குறைவாகத்தான் கரண்ட் போகும். ஒரே ஃபேஸை மூன்றுக்கும் கொடுத்தால் வீட்டின் மொத்த கரண்டும் அந்த ஒற்றை நியூட்ரல் வயரில் திரும்பும். எங்கள் வீட்டில் சேஞ்ச் ஓவரிலிருந்து டிபி பாக்ஸுக்கு (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போன நியூட்ரல் 4 சதுர மி.மீ. வயர். முதல் நாள் ஒரு மணி நேரம் ஓடியதும் பாக்ஸ் மேல் கை வைத்தேன், சுட்டது. திறந்து பார்த்தால் வயரின் தோல் இளகி மினுமினுப்பாக இருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் எரிந்திருக்கும். அதை 10 சதுர மி.மீ. காப்பருக்கு மாற்றினோம். உங்கள் வயர்மேன் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

4. காகிதங்கள்

பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் இவற்றைக் கையில் வாங்குங்கள்: ஜிஎஸ்டி பில், எஞ்சின் எண்ணும் ஆல்டர்னேட்டர் (கரண்ட் தயாரிக்கும் பகுதி) எண்ணும் எழுதிய வாரண்டி அட்டை, ஃபேக்டரி டெஸ்ட் சான்று, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தரச்சான்றின் நகல். 2023 ஜூலை 1 முதல் புதிய செட்டுகளுக்கு அந்த வாரியத்தின் சிபிசிபி 4 பிளஸ் புகை விதி வந்துவிட்டது. பழைய ஸ்டாக்கைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், தயாரித்த தேதியை செட்டின் மேல் உள்ள தகட்டிலேயே பாருங்கள். சத்தத்துக்கும் விதி உண்டு. செட்டை மூடியிருக்கும் கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. ‘சைலண்ட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மட்டும் போதாது.

அடுத்து ஈ.பி. உங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மின் இணைப்பு எண், செட்டின் கேவிஏ, எந்த வகை சேஞ்ச் ஓவர், வேலை செய்யும் ஒப்பந்ததாரரின் உரிம எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கூடவே ஒற்றைக்கோட்டு வரைபடம் (எது எதோடு இணைகிறது என்று காட்டும் எளிய மின் வரைபடம்) ஒன்றையும் ஆதார் நகலையும் கடைசி பில் ரசீதையும் வையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். பெரிய செட்டுகளுக்கு மின் ஆய்வுத் துறையின் பாதுகாப்புச் சான்றும் தேவைப்படும். உங்கள் கேவிஏவுக்கு அது வேண்டுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்கிவிடுங்கள். நான் வாய்வார்த்தையை நம்பி மூன்று முறை அலைந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் இருந்தார், வேறு பதில் சொன்னார்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் ஒப்புதலையும் எழுதி வாங்குங்கள். எர்த் குழி தோண்டும் நாளில் சண்டை வரும் இடம் அது.

வயரிங் செய்பவரிடம் தமிழ்நாடு மின் உரிம வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல ஆள் என்றால் அட்டையை அவராகவே எடுத்துக் காட்டுவார்.

5. இடமும் மேடையும்

10 கேவிஏ சைலண்ட் செட் அறுநூறு கிலோ அளவுக்கு எடை இருக்கும். நம் ஊரில் வீட்டைச் சுற்றியிருக்கும் சமதளம் பெரும்பாலும் ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் மண் கொட்டிச் சமன் செய்ததாகத்தான் இருக்கும். கொட்டிய பக்கத்தில் மேடை போடாதீர்கள். இரண்டு மழைக்குள் மேடை சாயும், செட் அதிர அதிரத் தடுப்புச் சுவரும் விரிசல் விடும். வெட்டிய பக்கம்தான் உறுதி. ஆனால் சரிவிலிருந்து தண்ணீர் அங்கேதான் இறங்கும் என்பதால் மேடையை நிலத்திலிருந்து அரையடி உயர்த்தி, பின்னால் ஒரு வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.

கையாலேயே தோண்டுங்கள். நீலகிரியில் பொக்லைனை அனுமதி வாங்காமல் இறக்க முடியாது. இடைஞ்சலாக மரம் நின்றால் அதையும் நீங்களாக வெட்டிவிட முடியாது, மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்தே இருக்கிறது. மேடையை மரத்துக்கு ஒதுக்கிப் போடுவதுதான் சுலபம். குளிரில் காங்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். கீழே ஏழு நாள் என்றால் இங்கே இரண்டு வாரம் விட்டு செட்டை ஏற்றுங்கள்.

சுற்றிலும் மூன்றடியாவது காற்றோட்ட இடம் விடுங்கள். மழைக்குப் பயந்து நான்கு பக்கமும் தகரம் அடித்து மூடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் செட் சூடேறி நிற்கும், புகையும் உள்ளேயே சுற்றும். மேலே கூரை மட்டும் போதும்.

புகையைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். குளிருக்காக நாம் ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு தூங்குகிறோம். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி உயிரை விட்டவர்களின் செய்தி மலையில் புதிதல்ல. டீசல் புகையிலும் அதே கார்பன் மோனாக்சைடு உண்டு, அதற்கு வாசனை கிடையாது. போர்ட்டிகோ, படிக்கட்டுக்குக் கீழே, மூடிய கார் ஷெட் எங்கேயும் வைக்காதீர்கள். புகைக்குழாயின் உயரத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது: கட்டட உயரத்தோடு, கேவிஏவின் வர்க்கமூலத்தை 0.2 ஆல் பெருக்கி வருவதைக் கூட்ட வேண்டும். 10 கேவிஏவுக்கு வீட்டு உயரத்துக்கு மேல் சுமார் 0.63 மீட்டர், அதாவது இரண்டடி.

அதோடு முடியவில்லை. சரிவில் வீடு இருந்தால் உங்கள் கூரை உயரமும் மேல்வீட்டுச் சமையலறை ஜன்னலும் ஒரே மட்டத்தில் இருக்கும். குழாயை வைக்கும் முன் மேல்வீட்டுக்கு ஏறிப்போய் அங்கே நின்று பாருங்கள். நான் போய்ப் பார்த்தேன். எங்கள் குழாய் நேராக அந்த வீட்டு அக்காவின் அடுப்படியைப் பார்த்து நின்றது. பத்தடி தள்ளி வைத்தோம். இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் செலவுதான்.

6. மேலே கொண்டுவருவது

மேட்டுப்பாளையத்திலிருந்து மினி லாரியில் வரும். சீசன் மாதங்களில் மலைப்பாதையில் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு போடுவார்கள், 2024 மே மாதத்திலிருந்து வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறையும் வந்திருக்கிறது. டிரைவரிடம் முன்பே பேசிவிடுங்கள். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம்.

லாரி உங்கள் வாசல் வரை வராது என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு அறுபது அடி இறக்கம். செயின் பிளாக் கட்டி, அடியில் இரும்புக் குழாய்களை உருட்டி, எட்டுப் பேர் நான்கு மணி நேரம் பாடுபட்டார்கள். இறக்குகூலி விலையில் சேருமா என்பதைப் பில்லில் எழுதி வாங்காததால் அதை நான் தனியாகக் கொடுத்தேன்.

7. சேஞ்ச் ஓவர்: இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்

முதலில் வாங்கிய பழைய செட்டுக்கு ஒருவர் சொன்ன வழி இது: இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒரு வயர். ஒரு முனையை செட்டிலும் மறுமுனையை ஹாலில் உள்ள பிளக் பாயிண்டிலும் சொருகிவிட்டால் வீடு முழுக்க கரண்ட். ‘மெயினை மட்டும் ஆஃப் பண்ண மறந்திராதீங்க’ என்றார். ஒரு வாரம் அப்படி ஓட்டியிருக்கிறேன்.

அந்த வாரத்தில் ஒரு மாலை, மழையில் லைன் அறுந்து லைன்மேன் வந்திருந்தார். எங்கள் வீட்டுக்கு மூன்றாவது கம்பம். ஏறுவதற்கு முன் கீழே நின்றுகொண்டு சரிவைப் பார்த்து சத்தமாகக் கேட்டார்: ‘யாராச்சும் ஜெனரேட்டர் போட்டிருக்கீங்களாங்க?’ எங்கள் வீட்டில் செட் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு முதலில் கேட்கவில்லை. அம்மாதான் ஓடிவந்து சொன்னார். ஓடிப்போய் நிறுத்தினேன். மெயினைத் தொட்டுப் பார்த்தால் அது ஆனில் இருந்தது. கரண்ட் போனதும் யாரோ லைட் எரியவில்லையே என்று தட்டிவிட்டிருக்கிறார்கள். லைன்மேன் எர்த் ராடைக் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் கை வைப்பார், அது அவர்கள் பழக்கம். ஆனால் மழை இருட்டில் ஒரு நாள் ஒரு ஆள் அவசரப்பட்டால் என்ன ஆகும்? உங்கள் வீட்டு 230 வோல்ட் லைனுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பினால் மறுபக்கம் 11,000 வோல்ட்டாக எழும்பும். நமக்கு வெளிச்சம் கொடுக்கக் கம்பம் ஏறும் மனிதரின் உயிர் அது. அந்த வயரை அன்று இரவே இரண்டாக வெட்டிப்போட்டேன்.

செய்ய வேண்டியது இதுதான். ஈ.பி. மீட்டருக்குப் பின், வீட்டு டிபிக்கு முன், ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வர வேண்டும். ஈ.பி., நடுவில் ஆஃப், ஜெனரேட்டர் என்று மூன்று நிலை. ஒன்றை விட்ட பிறகுதான் மற்றொன்று சேரும், எப்படித் திருகினாலும் இரண்டும் ஒன்றாகச் சேராது. சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு இரண்டு ‘போல்’ (சுவிட்ச் ஒன்றாக மாற்றும் வயர்களின் எண்ணிக்கை), மூன்று ஃபேஸ் வீட்டுக்கு நான்கு ‘போல்’. நியூட்ரலும் மாற வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கூடுதல் போல். நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிட்டு ஃபேஸை மட்டும் மாற்றினால் உங்கள் செட்டின் நியூட்ரல் எப்போதும் ஈ.பி. லைனோடு சேர்ந்தே இருக்கும். ‘நியூட்ரல்தானே’ என்று சொல்லும் வயர்மேனை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

10 கேவிஏ சிங்கிள் ஃபேஸ் என்றால் 43 ஆம்பியர். 63 ஆம்பியர் சேஞ்ச் ஓவர் போட்டோம். செட் பக்கத்தில் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) 40 ஆம்பியர் போடலாம் என்றார் ஒப்பந்ததாரர். உயரத்தில் எஞ்சினுக்கு அவ்வளவு பலம் இல்லையே என்று பேசி 32 போட்டோம், அளவு மீறினால் எஞ்சின் முக்குவதற்கு முன் எம்சிபி விழுந்துவிடும். வீட்டுப் பக்கம் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) ஒன்றும் சேருங்கள்.

கரண்ட் போனதும் செட்டைக் கிளப்பித் தானாக மாறும் ஏஎம்எஃப் பேனல் தேவையா? வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருந்தால் தேவை. மற்றவர்களுக்குக் கையால் திருகுவதே போதும். செட் கிளம்பும் அரை நிமிடத்தை இன்வெர்ட்டர் தாங்கிக்கொள்ளும்.

இன்வெர்ட்டர் என்றதும் ஒன்று. அதன் பின்னால் யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ் மோடில் இருந்தால் ஜெனரேட்டர் கரண்டின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து ஏற்க மறுத்து, பேட்டரியிலேயே ஓடித் தீர்த்துவிடும். நார்மலில் வையுங்கள். கூரையில் ஈ.பி.யோடு சேர்ந்த சோலார் போட்டிருந்தால் அதன் இணைப்பு சேஞ்ச் ஓவரின் ஈ.பி. பக்கத்தில்தான் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் கரண்டை ஈ.பி. என்று நினைத்து சோலாரும் சேர்ந்துகொண்டால் செட் கெடும்.

செட்டிலிருந்து வீட்டுக்கு வரும் கேபிள் ஆர்மர்டு (உலோகக் கவசம் போட்டது) ஆக இருக்கட்டும். காப்பர் என்றால் 10 சதுர மி.மீ., அலுமினியம் என்றால் 16. இரண்டரை அடி ஆழத்தில் மணல் போட்டு, மேலே செங்கல் அடுக்கி மூடுங்கள். ஓரடி ஆழத்தில் போட்டால் காட்டுப்பன்றி ஒரே இரவில் கிளறிவிடும். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் காட்டுமாடு மிதித்து பைப்பே நசுங்கியிருக்கிறது.

8. எர்த்

செட்டின் பாடிக்கு இரண்டு, நியூட்ரலுக்கு இரண்டு, மொத்தம் நான்கு குழி. ஒன்றுக்கொன்று ராடின் நீளம் அளவுக்காவது தள்ளி இருக்க வேண்டும். நியூட்ரலை எர்த் செய்யாவிட்டால் ஆர்சிசிபி இருந்தும் இல்லாததுபோல்தான், ஆளைக் கரண்ட் பிடித்தாலும் அது விழாது.

நம் மண்ணில் நான்கடி போனால் பாறை தட்டும். தட்டியதும் ராடை வெட்டி நட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எங்களுக்கு முதல் இரண்டு குழியும் பாறை. குளியலறைத் தண்ணீர் போகும் பக்கம், தேயிலைச் செடிக்கு அருகில் ஈரமண் கிடைத்தது, அங்கே மாற்றினோம். எர்த் டெஸ்டரில் அளந்து எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். 5 ஓம்ஸுக்குள் வர வேண்டும் என்று நாங்கள் பேசிவைத்தோம். மழை நாளில் அளந்தால் எல்லா மண்ணும் நல்ல மண்தான். பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்தபின் வந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

9. சோதிக்கும் நாள்

ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். ஈ.பி. மெயினை இறக்கிவிட்டு, சேஞ்ச் ஓவரை ஜெனரேட்டர் பக்கம் வைத்து, செட்டை ஓட்டி, சேஞ்ச் ஓவரின் ஈ.பி. பக்க முனைகளில் மீட்டரை வைக்கச் சொல்லுங்கள். ஃபேஸில் பூஜ்யம், நியூட்ரலில் பூஜ்யம். நான் அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.

பிறகு மோட்டாரைப் போட்டுப் பாருங்கள். லோடு இல்லாதபோது 51, 52 ஹெர்ட்ஸ் காட்டி, லோடு ஏறியதும் 50 பக்கம் வந்து நின்றால் சரி. ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனையும் செட் ஓடும்போதே அழுத்துங்கள்.

10. செலவும் காலமும்

எனக்கு ஆனதைச் சொல்கிறேன். செட் வரியோடு 3,10,000. லாரியும் இறக்குகூலியும் 19,000. மேடை, கூரை, புகைக்குழாய் 34,000. கேபிள், சேஞ்ச் ஓவர், போர்டு 41,000. எர்த் 22,000. ஒப்பந்ததாரர் கூலி 18,000. மொத்தம் 4,44,000. கடையில் சொல்லும் விலைக்கு மேல் நாற்பது சதவீதம் கையில் இல்லாமல் இறங்காதீர்கள். பணம் குறைந்தால் ஆள் எர்த்திலும் சேஞ்ச் ஓவரிலும்தான் கை வைப்பார்.

ஜனவரியில் ஈ.பி. கடிதமும் ஆர்டரும், பிப்ரவரியில் மேடை, மார்ச்சில் செட்டும் வயரிங்கும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஜூனில் மழை வந்துவிடும், அதற்குள் முடித்தாக வேண்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்குப் பெருமழை அக்டோபரில்தான் என்றாலும் தள்ளிப்போட வேண்டாம், செப்டம்பரில் நல்ல வயர்மேன் ஒருவரும் கிடைக்க மாட்டார்.

11. டீசல், குளிர், ஓட்டும் முறை

10 கேவிஏ பாதி லோடில் மணிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர் குடிக்கும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் என்றால் இரவு பகலாக ஓட்ட முடியாது, ஓட்டவும் வேண்டாம். இரவில் கான்சன்ட்ரேட்டரும் ஃபிரிட்ஜும் மட்டும் என்றால் 550 வாட்ஸ்தான், அந்த லோடில் செட்டுக்குக் கேடு. நாங்கள் பேட்டரியை இரண்டாக்கிக்கொண்டோம். சாயங்காலம் இரண்டு மணி நேரம் செட்டை ஓட்டி அப்போதே தண்ணீர் ஏற்றுவது, அறையைச் சூடாக்குவது, பேட்டரி சார்ஜ் எல்லாம் முடித்துவிடுவோம். இரவு பேட்டரி. நடுராத்திரி ஒரு முறை, விடியலில் ஒரு முறை மறுபடி ஓட்டுவோம். மொத்தமாகப் பத்துப் பன்னிரண்டு லிட்டர், ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் பக்கம் வரும்.

இருபது லிட்டர் இரும்புக் கேன் இரண்டை வீட்டுக்கு வெளியே, அடுப்பிலிருந்து தள்ளிப் பூட்டி வையுங்கள். டீசலுக்கு 2,500 லிட்டர் வரை உரிமம் தேவையில்லை என்பதால் இதற்குத் தனி அனுமதி வேண்டாம். ஆனால் மே மாதம் வாங்கிய டீசலை டிசம்பர் உறைபனிக்கு வைக்காதீர்கள். கோடையில் வரும் டீசல் குளிரில் சீக்கிரம் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும், குளிர்கால டீசல் அதற்கேற்பத் தயாரித்து வருவது. அக்டோபரில் பழையதைத் தோட்ட மெஷினுக்கோ தெரிந்த வண்டிக்காரருக்கோ கொடுத்துவிட்டு நவம்பரில் புதிதாக நிரப்புங்கள். டேங்க்கை எப்போதும் நிறைத்தே வையுங்கள். பாதி டேங்க் என்றால் பனிமூட்டத்தில் உள்ளே வேர்த்துத் தண்ணீர் சேரும். ஃபில்டருக்குக் கீழே உள்ள திருகை மாதம் ஒரு முறை திறந்து ஒரு டம்ளரில் பிடித்துப் பாருங்கள், அடியில் தண்ணீர் தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

வாரம் ஒரு நாள் இருபது நிமிடம், மோட்டாரையும் ஹீட்டரையும் போட்டு லோடோடு ஓட்டுங்கள். குளிரில் பேட்டரி சோர்ந்துபோகும், மெதுவாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும் சிறிய டிரிக்கிள் சார்ஜர் ஒன்றை மாட்டிவிடுங்கள். ஓட்டும் முன் கூண்டைத் திறந்து ஒரு பார்வை, எலி கூடு கட்ட இதைவிடக் கதகதப்பான இடம் மலையில் கிடையாது.

கரண்ட் போனால் முதலில் ஈ.பி.யின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, அழைத்துப் பதிவு செய்துவிடுங்கள். அப்புறம் செட். எங்கள் மீட்டர் பெட்டியின் உள்பக்கம் அம்மாவுக்காகப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: சேஞ்ச் ஓவரை நடுவில் வை. செட்டை ஸ்டார்ட் செய். இரண்டு நிமிடம் பொறு. ஜெனரேட்டர் பக்கம் திருப்பு. மோட்டாரைக் கடைசியில் போடு. கரண்ட் வந்ததும் மோட்டாரை நிறுத்து, நடுவில் வை, ஈ.பி. பக்கம் திருப்பு. செட்டை உடனே நிறுத்தாமல் மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டு அணை. பெட்டியின் வெளிப்பக்கம், கம்பத்திலிருந்து பார்த்தால் தெரியும்படி, சிவப்புப் பெயிண்ட்டில் ஒரு வரி: இந்த வீட்டில் ஜெனரேட்டர் உண்டு.